இடுகாட்டுத் துணியும் கத்தரிக்கோலும்

லண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா, நியூயார்க் முதலிய பெருநகரங்களின் காட்சிசாலைகளில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் உள்ளங்கையகலப் பழந் துணித் துண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. வெளுத்த நார்த் துணியின்மேல் கம்பளி நூலால் நெய்த சித்திரங்கள் அவற்றில் காணப்படும். ஒன்றில் குதிரை வீரன், ஒன்றில் முயல், ஒன்றில் திராட்சைக் கொடி, ஒன்றில் அகல விழித்த ஒரு முகம். பக்கத்திலே ஒரு சிறு சீட்டு: 'எகிப்து, கி.பி. 5 முதல் 7-ஆம் நூற்றாண்டுக்குள், கம்பளியும் லினனும்.' பார்ப்பவர் சீட்டைப் படித்து, வியந்து, அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறார். அவர் சற்று நின்று துண்டின் ஓரத்தைக் கவனிப்பாரானால் வேறொரு விஷயம் புலப்படும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணிற் கிடந்த துணி தானாக மக்கிக் கிழிந்தால் அதன் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். இத்துண்டுகளில் பலவற்றின் ஓரமோ நேர்க்கோடாக இருக்கிறது. அது காலம் செய்த வேலையன்று. கத்தரிக்கோல் செய்த வேலை. அந்தக் கத்தரிக்கோலைப் பற்றியே இன்று நாம் எழுதப் புகுந்தோம்.

எகிப்து தேசத்தில் மழை மிக அரிது. நைல் நதியின் நீர் எட்டும் வரையில் வயல். அதற்கு அப்பால் வறண்ட மணல். விளைநிலத்தை வீணாக்கலாகாதென்று அந்நாட்டார் இறந்தோரை மணலோரத்திலேயே அடக்கம் செய்து வந்தனர். பிரேதத்தைப் பதனிட்டு வைக்கும் புராதன வழக்கம் கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டுகளில் மெல்ல மறைந்தது. அதன் பிறகு, இறந்தவர் உயிரோடிருந்தபோது உடுத்திய அங்கியையே அணிவித்து, வீட்டிலிருந்த போர்வை, திரைச்சீலை முதலியவற்றால் சுற்றி மணலில் வைத்தனர். ஈரம் புகாத அம்மணல் துணிகளை நூலோடு நூலாகக் காத்தது. அதே நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் ஜனங்கள் உடுத்தவை பெரும்பாலும் ஈர மண்ணில் மக்கி ஒழிந்தன. எகிப்தில் மட்டும் வியாபாரியும் துறவியும் குழந்தையும் உடுத்திய உடைகள் ஆயிரக் கணக்கில் நிலைத்தன. ராஜாக்களின் சரித்திரத்தைக் கல்லிலே படிக்கலாம். சாதாரண ஜனங்களின் சரித்திரத்துக்கு இத் துணிகளே ஏடு.

அவ்வுடைகள் நெய்யப்பட்ட விதத்தை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆளிச் செடியின் தண்டை நீரில் ஊற வைத்து, அடித்து, நாரைப் பிரித்து, கதிரில் நூற்ற நூலே லினன். அதில் சாயம் எளிதில் பற்றாது; ஆட்டு ரோமத்தில் நன்றாகப் பற்றும். ஆகையால் அடித்துணி முழுவதையும் சாயமிடாத லினன் நூலால் நெய்து, சித்திரம் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஊடையைச் சாயமிட்ட கம்பளி நூலாக வைத்தனர். அவ்விடத்தில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடுவதில்லை. ஒவ்வொரு நிற நூலையும் அந்நிறம் வேண்டிய எல்லை வரையில் விரலால் செலுத்தித் திருப்பி, பாவு தெரியாதபடி அடித்து நெருக்குவர். பின்னர் மெல்லிய வெள்ளை நூலை மேலே ஓடவிட்டுக் கண்ணையும் மூக்கையும் இலை நரம்பையும் கோடு கோடாகக் காட்டுவர். எழுதுகோலால் வரைந்தது போன்ற அக்கோடுகள் யாவும் தறியிலேயே பிறந்தவை.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த அங்கிகள் பலவும் ஒரே துணியாக நெய்யப்பட்டவை. அகன்ற தறியில் ஒரு கையின் நுனியிலே தொடங்கி, உடலுக்கு வேண்டிய இடத்தில் அகலமாக்கி, கழுத்துக்கு ஒரு பிளவு விட்டு, மறு கையின் நுனியில் நெசவை முடிப்பர். தோளிலிருந்து முன்னும் பின்னும் இறங்கும் இரண்டு பட்டைகளும், தோளிலும் முழங்காலருகிலும் வரும் வட்டங்களும் சதுரங்களும் அந்தந்த இடத்திலேயே கூடவே நெய்யப்படும். தறியிலிருந்து இறக்கி, தோளில் மடித்து, பக்கங்களைத் தைத்துவிட்டால் உடை தயார். மூன்று பகுதிகளாக நெய்து இணைப்பதும், சித்திரத்தைத் தனியே நெய்து தைப்பதும் பிற்காலத்தில் பெருகிய வழக்கங்கள். துணியை நெய்து, அதை வெட்டி, பிறகு உடை தைப்பது நமக்குப் பழகிய முறை. அந்த நெசவாளனோ உடையாகவே நெய்தான். அவன் வெட்டாத துணியைப் பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வாங்கியவனும் விற்றவனும் வெட்டினார்கள்.

சாயத் தொழிலிலும் அந்நாட்டாரின் திறமை சாமானியமானதன்று. லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தில் ஒரு குழந்தையின் இடக்கால் உறை இருக்கிறது. கி.பி. 300-ஐ ஒட்டிய காலத்தது. கட்டை விரலுக்குத் தனியறையும் மற்ற நான்கு விரல்களுக்கு ஓரறையுமாக, ஒற்றை ஊசியால் கம்பளி நூலைக் கோத்து முடைந்தது. 1913-14-ல் ஆன்டினூப்போலிஸ் என்னும் பழைய நகரத்தின் குப்பை மேட்டில் அகப்பட்டது. 2018-ல் அதைப் பலவகை ஒளியில் படமெடுத்து ஆராய்ந்தனர். அதிலுள்ள 7 நிற வகைகளும் மூன்றே செடிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஒன்று நமது மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த சிவப்பு வேர். மற்றொன்று அவுரியின் நீலத்தையே தரும் வோடு என்னும் செடி. இன்னொன்று மஞ்சள் தரும் வெல்ட் என்னும் செடி. ஒரு சாயத்தின்மேல் மற்றொன்றை ஏற்றி மற்ற நிறங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். சக்கரவர்த்திகளுக்கு உரியதென்று பேர்பெற்ற ஊதா நிறமும் அப்படியே. கடற் சிப்பியினத்திலிருந்து எடுத்த அசல் ஊதா பொன்னுக்குச் சமமான விலையுடையது. எகிப்தியத் துணிகளில் காணும் ஊதாவோ பெரும்பாலும் சிவப்பு வேரும் நீலச் செடியும் சேர்ந்த கலவை. ஸ்டாக்ஹோமில் காக்கப்படும் பழைய பாப்பிரஸ் ஏடொன்றில் இத்தகைய போலி ஊதாவுக்குரிய பக்குவங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏழைக்கும் ராஜ வர்ணத்தை எட்டச் செய்த கைத்தொழில் இது என்று நாம் கருதுகிறோம்.

இவ்வுடைகளை உடுத்தவர்கள் அவற்றின்மீது எவ்வளவு பிரியம் வைத்திருந்தனர் என்பதை அக்காலத்துக் கண்டனத்திலிருந்தே அறியலாம். கி.பி. 400-ஐ ஒட்டி, இன்றைய துருக்கியைச் சேர்ந்த அமாசியா நகரத்தில் பிஷப்பாக இருந்த அஸ்டீரியஸ் என்பவர், வேதக் கதைகளைத் துணியில் சித்திரித்து உடுத்தும் தனவந்தர்களைத் தமது பிரசங்கத்தில் கடிந்துகொண்டார். கிறிஸ்துவை உடையில் சுமப்பதை விட்டு உள்ளத்தில் சுமக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. கண்டிப்பவர் இருந்த இடத்தில் அணிந்தவர் திரளாக இருந்தனர் என்பது வெளிப்படை.

நெய்தவர்களுடைய நிலை என்ன? நைல் நதி கடலோடு கலக்கும் பிரதேசத்தில் தின்னிஸ் என்ற தீவு நகரம் லினன் நெசவுக்கு உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. கலீபாக்களின் பெயர் பொறித்த துணிகள் அங்கே நெய்யப்பட்டன. 9-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டயோனீஷியஸ் என்ற சிரியக் கிறிஸ்தவத் தலைமைக் குரு அந்நகருக்குச் சென்றார். இத்தனை ஜனமுள்ள ஊரில் இத்தகைய தரித்திரம் ஏன் என்று அவர் கேட்டதற்கு ஊரார் சொன்ன பதிலை அவர் எழுதி வைத்திருக்கிறார். பெண்கள் நூற்கிறார்கள், ஆண்கள் நெய்கிறார்கள், வியாபாரிகள் கொடுப்பது நாளொன்றுக்கு அரைத் திர்ஹம், அது வயிற்றுக்கே போதாது, வரியோ தலைக்கு 5 தீனார், கொடாதவர்களுக்கு அடியும் சிறையும், பிள்ளைகளை அடகு வைக்க வேண்டியிருக்கிறது என்றார்கள். உலகம் புகழ்ந்த துணியை நெய்தவன் அரை வயிற்றோடு தறியில் உட்கார்ந்திருந்தான். இதைப் படிக்கும் நம் நேயர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இனி, இத்துணிகள் கடல் கடந்த கதையைப் பார்ப்போம். 1882-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் இறங்கிற்று. ஏறத்தாழ அதே சமயத்தில் வியன்னா நகரத்துக் கம்பள வியாபாரியான தியோடர் கிராப் என்பவரிடம் எகிப்திய இடுகாட்டுத் துணிகள் வந்து சேர்ந்தன. அத்தொகுதி வியன்னாக் காட்சிசாலைக்குப் போயிற்று. 1884-ல் மேல் எகிப்தின் அக்மீம் நகரத்தருகே பெரிய இடுகாடொன்று மாஸ்பெரோவின் கவனத்துக்கு வந்தது. அப்போது எகிப்தின் பழம்பொருள் இலாகாத் தலைவர் அவர். அதன் பிறகு அக்மீம் துணி சந்தைச் சரக்காகிவிட்டது. ஸ்டிராஸ்பர்க் நகரத்து ராபர்ட் பாரர் அக்மீம் துணிகளைச் சேர்த்து, 1891-ல் அவற்றைப் பற்றிப் புத்தகமும் அச்சிட்டார். ஆல்பர்ட் கையே என்ற பிரெஞ்சுக்காரர் 1896 முதல் ஆன்டினூப்போலிஸில் வருஷா வருஷம் தோண்டினார். அவர் கொணர்ந்த பிரேதங்களும் துணிகளும் 1900-ல் பாரிஸ் மகா கண்காட்சியில் வைக்கப்பட்டன. பின்னர் பிரான்ஸ் தேசத்துக் காட்சிசாலைகள் பலவற்றுக்கும் துண்டு துண்டாகப் பங்கிடப்பட்டன.

தோண்டியவர்களுக்கு வேண்டியது எது? நகை, பாப்பிரஸ், நிறமுள்ள துணி ஆகியவையே. வெள்ளை லினன் அழுக்கேறிக் கிடந்தது, அதற்கு விலையில்லை. எனவே குழியிலேயோ கடையிலேயோ உட்கார்ந்து, அங்கியிலிருந்த வட்டங்களையும் பட்டைகளையும் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எறிந்தார்கள். பட்டை நீளமாயிருந்தால் அதையும் இரண்டு மூன்றாக்கினார்கள்; ஒன்றை ஒருவருக்கு விற்பதைவிட மூன்றை மூவருக்கு விற்பது லாபமல்லவா? இவ்வித்தையில் பேர்போனவர் ஆஹென் நகரத்துப் பாதிரியாரான பிரான்ஸ் பாக். பழந் துணிகளை வெட்டிப் பல காட்சிசாலைகளுக்கு விற்ற அவரை ஜெர்மானியர் 'கத்தரிக்கோல் பாக்' என்றே அழைத்தனர். அவரும் 1880-களில் எகிப்துக்குப் போய் இடுகாட்டுத் துணிகளைச் சேர்த்தவரே.

வாங்கிய காட்சிசாலைகள் இதில் குற்றமற்றவையா? லண்டனில் இப்போது விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியம் என்று வழங்கும் சௌத் கென்சிங்டன் மியூஸியம், ஆலைத் தொழிலுக்குச் சித்திர மாதிரி காட்டும் நோக்கத்தோடு ஏற்பட்ட ஸ்தாபனம். மாதிரிக்கு ஒரு முழம் போதும். முழு அங்கி எதற்கு? அழகிய துண்டுக்குப் பணம் கொடுப்போம் என்று வாங்குபவர் சொன்னால், துண்டாக்கிக் கொடுப்போம் என்று விற்பவர் சொல்லுவார். கத்தரிக்கோலைப் பிடித்தது வியாபாரியின் கை. பிடிக்கச் செய்தது வாங்குபவரின் பணப்பை.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. பழைய ஊர்களின் மண் வயலுக்கு நல்ல எருவாகையால் எகிப்தியக் குடியானவர்கள் அதை வெட்டி எடுத்து வந்தார்கள். ஐரோப்பியர் வாங்கியிராவிட்டால் துணிகள் எருவோடு எருவாகப் போயிருக்கும் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு, நாம் மறுக்கவில்லை. இத்துண்டுகளை வைத்தே அலோய்ஸ் ரீகல் போன்ற அறிஞர்கள் ரோமானியர் கடைக்காலச் சிற்பச் சித்திர வரலாற்றைப் புதிதாக எழுதினார்கள் என்பதும் உண்மை. லண்டனில் கெண்ட்ரிக் என்பவர் 1920 முதல் 1922 வரையில் மூன்று பாகமாக அச்சிட்ட பட்டியல் இன்றும் பயன்படுகிறது. ஆனால் காப்பாற்றுவதற்கு வெட்ட வேண்டிய அவசியம் என்ன? வெள்ளத்தில் போகும் பசுவைக் கரை சேர்த்தவனுக்கு நன்றி சொல்லலாம். கரை சேர்த்தபின் தோலை மட்டும் உரித்துக்கொண்டவனுக்கும் அதே நன்றியா?

வெட்டியதனால் நஷ்டமானது அழகு மட்டுமன்று. நாம் நியாயஸ்தலத்தில் பழகியவர்கள். ஆதலால் அந்தப் பாஷையிலேயே சொல்லுகிறோம். ஒரு தஸ்தாவேஜு எங்கே, எப்போது, யாருடைய சுவாதீனத்திலிருந்து கிடைத்தது என்று ருசுப்படுத்தப்படாவிட்டால், அதிலுள்ள எழுத்து எவ்வளவு அழகாயிருந்தாலும் நீதிபதி தள்ளிவிடுவார். அங்கியிலிருந்து வெட்டிய வட்டமும் அத்தகையதே. அது எந்தக் குழியிலிருந்து வந்தது? உடுத்தவர் ஆணா, பெண்ணா, குழந்தையா? தோளில் இருந்ததா, முழங்காலில் இருந்ததா? அங்கி புதிதா, ஒட்டுப் போட்டதா? உடன் வைத்த காசு, ஜாடி எவை? இத்தனை கேள்விகளுக்கும் அத்துண்டு வாய் திறவாது. சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன் நாக்கை அறுத்துவிட்டார்கள்.

இதன் பலனாகக் காலக் கணக்கே தடுமாறிற்று. குழியின் விவரம் இல்லாமையால், சித்திரத்தின் போக்கைக் கண்டு இது 4-ஆம் நூற்றாண்டு, அது 6-ஆம் நூற்றாண்டு என்று ஊகித்துச் சீட்டு எழுதினார்கள். அண்மைக் காலங்களில் நூலின் ஒரு சிறு இழையிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து காலம் கணிக்கும் முறை கையாளப்படுகிறது. பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரத்துக் கட்டூன் நாட்டி தொகுதியை ஒட்டி இவ்வேலை மும்முரமாக நடந்தது. பழைய ஊகங்களில் பல பிசகென்று அதனால் தெரிய வந்தது. கிரேக்க தேவதைகளின் உருவம் இருப்பதால் மிகப் பழையது என்றும், சிலுவை இருப்பதால் அதற்குப் பிந்தியது என்றும் வகுத்த வரிசை நிற்கவில்லை. அரபியர் ஆட்சி வந்த பின்னரும் அதே தறிகள், அதே கம்பளியும் லினனும் கொண்டு ஓடிக்கொண்டிருந்தன.

இவற்றுக்கு 'காப்டிக் துணி' என்று பெயர் வைத்ததிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. காப்ட் என்னும் சொல் எகிப்தியர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அரபி வழியாக வந்தது; இன்று அது எகிப்தியக் கிறிஸ்தவரை மட்டும் குறிக்கிறது. இத்துணிகளை உடுத்தவரில் பழைய தெய்வங்களை வணங்கினவர் உண்டு, கிறிஸ்தவர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. தறிக்கு மதமில்லை. ஒரு தேசத்தாரின் பொதுச் சொத்தை மத வாரியாகப் பிரித்துச் சீட்டு ஒட்டுவது எவ்வளவு தவறான வழி என்பதை இந்தியர்களாகிய நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சட்ட விஷயத்தையும் கவனிப்போம். 1858-லிருந்து 1952 வரையில் எகிப்தின் பழம்பொருள் இலாகாவுக்குத் தலைவராயிருந்தவர் அனைவரும் பிரெஞ்சுக்காரர். 1912-ஆம் வருஷத்து 14-ஆம் சட்டம் பழம்பொருள்கள் சர்க்காருக்குச் சொந்தம் என்று கூறிய போதிலும், லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் விற்கவும் அனுமதிச் சீட்டோடு வெளியே அனுப்பவும் இடம் கொடுத்தது. அவ்வியாபாரத்தை அடியோடு நிறுத்தியது 1983-ஆம் வருஷத்து 117-ஆம் சட்டமே. ஆகவே, நாங்கள் சட்டப்படி கிரயம் வாங்கியவர்கள் என்று காட்சிசாலைகள் சொல்லுமானால், அந்த வாதம் பல துண்டுகளின் விஷயத்தில் செல்லும். ஆனால், தோண்டுவதற்கு அனுமதி கொடுத்தவரும் அந்நியர், தோண்டினவரும் அந்நியர், வாங்கினவரும் அந்நியர். சொத்துக்கு உடையவனைக் கேட்டவர் யாருமில்லை. சட்டம் பாத்தியதையைக் கொடுக்கலாம். கடமையைத் தள்ளுபடி செய்யாது.

எகிப்தியர் சும்மா இருந்துவிடவில்லை. மார்க்கஸ் சிமைக்கா என்ற தேசாபிமானி கெய்ரோவில் 1908-ல் காப்டிக் மியூஸியத்தை நிறுவினார். பழம் பாத்திரமும் பழங் கதவும் அழிந்து வந்த காலத்தில் கோயில் கோயிலாகச் சென்று சேகரித்தவர் அவர். 1931-ல் அது சர்க்கார் மியூஸியமாயிற்று. தன் தேசத்தின் துணியைத் தன் தேசத்திலேயே பார்க்கும் பாக்கியம் எகிப்தியனுக்கு இவ்வாறுதான் கிடைத்தது.

"எகிப்தியர் துணியைப் பற்றி இவ்வளவு கவலை நமக்கு ஏன்?" என்று நேயர்கள் சிலர் கேட்கலாம். நியாயம் என்பது தேச எல்லையோடு நிற்பதன்று என்பது ஒரு பதில். மற்றொரு பதிலும் உண்டு. செங்கடற்கரையில் பெரனிக்கே என்ற பழந் துறைமுகத்தில் ரோமானியர் காலத்துப் பருத்தித் துணிகள் அகப்பட்டிருக்கின்றன. கப்பற் பாயும் அவற்றில் உண்டு. எகிப்தியர் நூலை ஒரு புறமாக முறுக்குவது வழக்கம். இந்தியாவில் அதற்கு எதிர்ப்புறமாக முறுக்குவார்கள். முறுக்கைக் கண்டே அப்பருத்தியில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து வந்ததென்று அறிஞர் துணிகின்றனர். துறைமுகத்துக் குப்பையை அடுக்கடுக்காகக் குறிப்பெழுதித் தோண்டியதனால்தான் அது எந்தக் காலத்துத் துணி என்று நமக்குத் தெரிகிறது. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூஸியத்திலுள்ள மற்றொரு தொகுதியைப் பாருங்கள். குஜராத்தில் அச்சிட்டு எகிப்துக்கு ஏற்றுமதியான பருத்தித் துணியின் துண்டுகள் ஆயிரத்துக்கு மேல் அங்கே இருக்கின்றன. நியூபெரி என்ற எகிப்திய ஆராய்ச்சிக்காரர் கடைகளில் வாங்கிச் சேர்த்தவை. எக்குழி, எவ்வீடு என்ற விவரம் அவற்றுக்குக் கிடையாது. நம் சாயக்காரனின் கைவேலையும் அதே கத்தரிச் சந்தையில் வாயடைத்துப் போயிருக்கிறது.

முழுமையைக் காப்பதால் எவ்வளவு லாபம் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. ஸ்விட்ஸர்லாந்தில் ரிக்கிஸ்பெர்க் என்ற ஊரிலுள்ள அபெக் ஸ்தாபனத்தில், துண்டுகளாக வந்த ஒரு பெருந் திரைச்சீலையைப் பொறுமையோடு ஒன்று சேர்த்தார்கள். டயோனீஸஸ் என்ற கிரேக்கத் தெய்வமும் பரிவாரமும் வரிசையாக நிற்கும் அத்திரை சுமார் 7 மீட்டர் நீளமுள்ளது. துண்டுகளாயிருந்தவரை தலை வேறு, கால் வேறு. சேர்த்தபின் ஒரு மாளிகைச் சுவரே எழுந்தது. அமெரிக்காவில் கிளீவ்லண்டு மியூஸியத்தில் 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கன்னி மரியாளின் கம்பளிச் சித்திரம் ஒன்று ஏறக்குறைய முழுமையாக, ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. அது ஒரு பதக்கம் பதக்கமாக வெட்டப்பட்டிருந்தால், நமக்கு மிஞ்சியிருப்பது பெயர் தெரியாத சில முகங்கள்தாம்.

ஆகவே காட்சிசாலைகளின் நிர்வாகிகளுக்கு நாம் நான்கு விஷயங்களை வற்புறுத்துகிறோம்.

முதலாவது, சீட்டில் உண்மையை எழுத வேண்டும். 'எகிப்து, 6-ஆம் நூற்றாண்டு' என்பது பாதி உண்மை. அங்கியிலிருந்து வெட்டப்பட்டது, இன்ன வருஷம் இன்ன வியாபாரியிடம் வாங்கியது, கிடைத்த இடம் பதிவாகவில்லை என்பதும் அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும். பாட்டனார் காலத்துப் பிழையை ஒப்புக்கொள்வதனால் பேரனுக்கு மானக் குறைவில்லை.

இரண்டாவது, ஒவ்வொரு துண்டின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து, அளவு, நூல் எண்ணிக்கை, முறுக்கு, சாயம் ஆகிய விவரங்களோடு கட்டணமின்றி வெளியிட வேண்டும். வாஷிங்டனிலுள்ள டம்பார்டன் ஓக்ஸ் முதலிய சில ஸ்தாபனங்கள் இவ்வழியில் தங்கள் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி செய்திருக்கின்றன. எல்லாக் காட்சிசாலைகளின் பட்டியலும் ஒன்றாகச் சேருமானால், ஓர் ஊரிலுள்ள வலத்தோளுக்கு மற்றோர் ஊரிலுள்ள இடத்தோள் அகப்படும். கத்தரித்த ஓரத்தோடு கத்தரித்த ஓரம் பொருந்துவதைவிடச் சிறந்த சாட்சியம் வேறில்லை.

மூன்றாவது, இவ்வாறு ஒரே துணியென்று ருசுவான துண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். அந்த இடத்தைத் தீர்மானிக்கும்போது கெய்ரோவுக்கு முதல் உரிமை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் நாளைக்கே கப்பலேற்றுங்கள் என்று நாம் கூறவில்லை. உடைந்ததை ஒட்டும்போதாவது உடையவன் வீட்டில் வைத்து ஒட்டுங்கள் என்றே கூறுகிறோம்.

நான்காவது, கிடைத்த இடமும் வெளியேறிய வருஷமும் நிரூபிக்கப்படாத துணியைக் காட்சிசாலையோ தனவந்தரோ இனி வாங்கக் கூடாது. வாங்குபவர் இல்லையேல் வெட்டுபவர் இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. அக்மீம் நகரத்தில் கைத்தறி இன்னும் ஓடுகிறது. கெய்ரோவுக்கு அடுத்த ஹர்ரானியா கிராமத்தில், ரம்ஸேஸ் விஸ்ஸா வாஸெப் என்ற கட்டடக் கலைஞர் 1950-களின் தொடக்கத்தில் கிராமத்துக் குழந்தைகளுக்குத் தறி கொடுத்தார். முன்னே மாதிரிச் சித்திரம் எதையும் வைக்காமல், மனத்தில் தோன்றியதையே கம்பளி நூலால் நெய்யச் சொன்னார். பனை மரமும் ஆடும் நைல் நதிப் பறவையும் அக்குழந்தைகளின் தறியில் எழுந்தன. அப்பள்ளி உலகப் புகழ் பெற்றது. பழைய நெசவாளனின் கை அற்றுப் போய்விடவில்லை என்பதற்கு இது போதிய அத்தாட்சி. அக்மீமிலும் ஹர்ரானியாவிலும் தறியில் இருக்கும் இன்றைய நெசவாளன், தன் முன்னோர் நெய்த ஓர் அங்கியை, கழுத்துப் பிளவிலிருந்து கைநுனி வரையில், முழுமையாகத் தன் தேசத்திலேயே பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய துண்டுகள் ஐரோப்பிய அமெரிக்கக் காட்சிசாலைகளின் இழுப்பறைகளில் இருக்கின்றன. அவற்றைத் திறந்து கணக்குக் காட்டும் வேலையை அந்நிர்வாகிகள் இன்னும் தாமதிப்பதற்கு நியாயமான காரணம் எதையும் நாம் காணவில்லை.